வீட்டிலேயே ஜமைக்கா பேட்டீஸ்: துணிந்தவர்களுக்கு மட்டும்

முதல் யோசனை, செய்யாதீர்கள். கிங்ஸ்டன் நகரத்தில் ஒருவருக்குப் பேட்டீஸ் தின்னும் ஆசை வந்தால் அவர் அடுப்பைப் பார்க்கமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடப்பார். காகிதப் பையில் சுடச்சுட ஒன்று கைக்கு வரும். அரைவட்ட வடிவில் மஞ்சள் நிற ஓடு, அதற்குள் தைம் இலையும் மிளகாயும் மணக்கும் கொத்திறைச்சி, கடித்தவுடன் சட்டை முழுக்க உதிரும் தூள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு அதுதான், வங்கி குமாஸ்தாவுக்கும் அதுதான், நள்ளிரவில் ஆட்டம்பாட்டம் முடிந்து வீடு திரும்புகிறவனுக்கும் அதுதான். இப்படி ஊரெல்லாம் மலிந்து கிடக்கும் பண்டத்தை வீட்டில் செய்யப்போகிறேன் என்று நீங்கள் அறிவித்தால் குடும்பத்தார் கவலைப்படுவார்கள். வேலை போய்விட்டதா என்று ஜாடையாக விசாரிப்பார்கள்.

மீறிச் செய்வதற்கு இரண்டே காரணங்களைத்தான் ஊர் ஒப்புக்கொள்ளும். ஒன்று, நீங்கள் ஜமைக்காவை விட்டு வெகுதூரம் வந்துவிட்டீர்கள், நல்ல கடை பக்கத்தில் இல்லை. மற்றது பழைய மனக்குறை. கடையில் வாங்கியதை முதல் கடி கடித்தால் ஓடு வருகிறது. இரண்டாவது கடியிலும் ஓடு. மூன்றாவதில் பழுப்பாக ஏதோ தடவியிருப்பது தெரிகிறது, அது இறைச்சியா இறைச்சியின் ஞாபகமா என்று யோசிப்பதற்குள் நான்காவது கடியில் மறுபடியும் ஓடு வந்துவிடுகிறது. இந்தக் குறை உங்களுக்கும் உண்டு என்றால் மேலே படியுங்கள். ஓட்டில் கடைக்காரரை நீங்கள் ஒருநாளும் வெல்லப்போவதில்லை. அவரிடம் மாவை இழைக்கும் இயந்திரம் இருக்கிறது, ராட்சத அடுப்பு இருக்கிறது. உங்களால் முடிந்தது உள்ளே தாராளமாக வைப்பது. வீட்டுப் பேட்டீஸுக்கு வேறு நியாயம் கிடையாது.

மாவைத் தொடுவதற்கு முன் நீங்கள் எந்தக் கட்சி என்று அறிவித்துவிடுங்கள். 1966இல் வின்சென்ட் சாங் தொடங்கிய டேஸ்டீ ஒரு கட்சி. கிளாரண்டன் வட்டாரத்திலிருந்து ஜூக்கி சின் வளர்த்தெடுத்த ஜூசி இன்னொரு கட்சி. இரண்டு தலைவர்களும் சீன வம்சாவளி ஜமைக்கர்கள் என்பதை வெளியூர்க்காரர்கள் வியப்போடு கேட்பார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெட்டிக்கடையும் பேக்கரியும் சீனர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த தொழில். மூன்றாவது அணியும் உண்டு. ஜார்ஜ் ஸ்டீபல் என்ற கறுப்பினச் செல்வந்தர் 1881இல் கட்டிய டெவன் ஹவுஸ் மாளிகையின் வளாகத்தில் விற்கும் பேட்டீஸ்தான் பேட்டீஸ் என்று சாதிப்பவர்கள் அவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சேரலாம். எனக்கு எல்லாமே பிடிக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்பவருக்கு நாக்கில் ருசி கிடையாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அடுத்து, பங்காளிகள். முதல் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்ததும் உரிமை கேட்டு வரிசையில் நிற்பார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர், மடித்து ஓரத்தை நெரித்த இறைச்சிப் பண்டம் எங்கள் சுரங்கத் தொழிலாளிகளுடையது, கப்பலேறி உங்கள் தீவுக்கு வந்தது என்பார். அவர் வாதத்தில் பலம் உண்டு, வடிவம் அவருடையதுதான். இந்திய வம்சாவளிக்காரர் 1845ஆம் ஆண்டைக் காட்டுவார். அந்த வருடம் மே மாதம் ஓல்ட் ஹார்பர் பே கரையில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் வந்து நின்றது. அவர்கள் வழியாக வந்த மசாலாதான் இந்தக் கூட்டில் மணக்கிறது என்று அவர் சொன்னால் மறுப்பது கடினம். ஆப்பிரிக்க வழித்தோன்றல்களோ, சமைத்தவர் யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். கரும்புத் தோட்ட முதலாளியின் அடுக்களையில் நெருப்பில் வெந்தது யார் கை என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால் சபை கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு நீங்கள் ஒன்றை எடுத்துத் தின்றுவிடுங்கள்.

இப்போது மாவு. மூன்று கோப்பை மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள், அல்லது மஞ்சள் தூக்கலான ஜமைக்கா கறித்தூள். தமிழ் வாசகர்களுக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை. மஞ்சளோடு உங்களுக்குப் பரம்பரைப் பழக்கம் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். இவ்வளவு போதுமா என்று கை தானாக இன்னொரு தடவை டப்பாவுக்குள் போகும். போனால், வெந்து வரும் பேட்டீஸ் பார்க்க ஜமைக்காவாகவும் முகர்ந்தால் மஞ்சள் நீராட்டு விழாவாகவும் இருக்கும். சில வீடுகளில் நிறத்துக்கு அனாட்டோ விதையை எண்ணெயில் காய்ச்சிச் சேர்ப்பார்கள். அதுவும் நல்லதுதான், அந்தப் பகுதி மண்ணில் விளைந்தது.

கொழுப்பு விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பழைய முறையில் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கட்டிக் கொழுப்பைத் துருவிப் போடுவார்கள். இன்றைய வீடுகளில் வனஸ்பதி, வெண்ணெய், அல்லது இரண்டும் பாதிப்பாதி. மாவின் எடையில் பாதியளவு கொழுப்பு என்று சமையல் குறிப்பு சொல்லும், நீங்கள் அதைக் குறைத்து உடல்நலம் பேணலாம் என்று நினைப்பீர்கள். பேணலாம். அதன் பிறகு அதைப் பேட்டீஸ் என்று அழைக்கவேண்டாம், உப்பு பிஸ்கட் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு சில்லென்று இருக்கவேண்டும், தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கவேண்டும், உங்கள் விரல்களும் குளிர்ந்திருந்தால் நல்லது. காரணம் இதுதான். மாவுக்குள் கொழுப்பு பட்டாணிப் பருமனில் துண்டு துண்டாகவே நிற்கவேண்டும். அடுப்பின் சூட்டில் அந்தத் துண்டுகள் உருகி இடம்விடும், மாவிலுள்ள ஈரம் ஆவியாகி அந்த இடைவெளியை உப்பவைக்கும், ஓடு அடுக்கடுக்காகப் பிரியும். வெளியில் 32 டிகிரி அடிக்கும் கிங்ஸ்டன் அடுக்களையில் கொழுப்பைக் கட்டியாகவே வைத்திருப்பது எப்படி என்று கேட்பீர்கள். விடியற்காலையில் செய்வார்கள், அல்லது பாத்திரத்தோடு குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டு அரைமணி நேரம் அக்கம்பக்கத்தாரோடு பேசப் போவார்கள். இரண்டாவது முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சப்பாத்திக்கு மாவு பிசைந்து பழகிய கை இந்தக் காரியத்துக்கு ஜென்ம விரோதி. அந்தக் கைக்கு மாவைக் கண்டால் அடித்துப் பிசையவேண்டும், மிருதுவாகும்வரை விடக்கூடாது. இங்கே அப்படிச் செய்தால் மைதாவின் பசை இறுகி, ஓடு ரப்பராகும். மாவு உருண்டையாக ஒட்டிக்கொண்டால் போதும், சொரசொரப்பாக இருந்தாலும் போதும். பார்ப்பதற்கு வேலை பாதியில் நின்ற மாதிரி தெரியும். மாமியார் எட்டிப் பார்த்து, “என்னம்மா இது, இன்னும் கொஞ்சம் பிசையக்கூடாதா?” என்பார். அவரை எப்படியாவது வேறு அறைக்கு அனுப்புங்கள்.

உள்ளே வைக்கும் கூட்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நான் உண்மையாகவே அக்கறையோடு எழுதும் பகுதி இது. கொத்திய மாட்டிறைச்சி அரை கிலோ. வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, பூண்டு, தைம் இலை. தைம் உலர்ந்ததாக இருந்தால் ஜமைக்கா வீட்டில் உங்கள் மானம் போகும், பச்சைக் கொத்தாகவே வாங்குங்கள். ஆல்ஸ்பைஸ் காயை ஜமைக்காவில் பிமென்டோ என்பார்கள். அந்த மரத்துக்கு அதுவும் சொந்த மண், அதன் காயும் இலையும் விறகும்கூட அந்த ஊர்ச் சமையலில் இருக்கின்றன. நான்கைந்து காய்களைப் பொடித்துப் போட்டால் மிளகு, பட்டை, கிராம்பு மூன்றும் வந்துவிட்டதோ என்று தோன்றும். ஒரு தேக்கரண்டி கறித்தூள். உப்பு.

வதக்கிய இறைச்சியில் தண்ணீர் ஊற்றி, பின்பு ரொட்டித்தூளைத் தூவுங்கள். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கும், இறைச்சியில் கலப்படமா என்று. கலப்படம்தான், பேட்டீஸின் உயிரும் அந்தக் கலப்படம்தான். ரொட்டித்தூள் குழம்பையெல்லாம் குடித்துக்கொண்டு கூட்டை ஈரமான விழுதாக்கிவிடும். அது இல்லாவிட்டால் இறைச்சி பருக்கை பருக்கையாக உலர்ந்து கிடக்கும், அல்லது சாறு ஓடி அடிப்பக்க ஓட்டை ஊறவைத்துவிடும். எவ்வளவு தூள் என்று அளவு சொல்லமாட்டேன். கரண்டியால் சட்டியின் நடுவே கோடு இழுத்தால் அந்தக் கோடு இரண்டு மூச்சு நேரம் அப்படியே நின்று, பிறகு மெதுவாக மூடவேண்டும். உடனே மூடினால் இன்னும் தூள் வேண்டும். மூடவே இல்லையென்றால் தண்ணீர் வேண்டும். பிறகு முழுவதும் ஆறவிடுங்கள். சூடான கூட்டை வைத்தால், நீங்கள் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிக் காப்பாற்றிய கொழுப்பு அங்கேயே உருகிப்போகும்.

ஸ்காட்ச் பானெட் மிளகாய் தனிப் பத்தி கேட்கும் பிராணி. சப்பையான தொப்பி போல, சிவப்பும் மஞ்சளுமாக, பொம்மைக் கடையில் வைத்திருந்தால் குழந்தைகள் கேட்டு அழும் அழகு. காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் 1,00,000 முதல் 3,50,000 வரை போகும். “நாங்க ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுவோம்” என்று மார்தட்டும் நண்பர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார், நறுக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். விதையை எடுத்தால் காரம் போய்விடும் என்று அவர் விளக்குவார். காரம் பெரும்பாலும் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது, விதை அதோடு சேர்ந்த குற்றத்துக்குத் தண்டனை பெறுகிறது. அடுத்து அவர் கண்ணைக் கசக்குவார். தண்ணீரில் கழுவிப் பயனில்லை, காரத்தின் சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கைக்கு எண்ணெயைத் தேய்த்துச் சோப்புப் போடச் சொல்லுங்கள், நாக்குக்குப் பால் கொடுங்கள். கண்ணுக்கு? தண்ணீரை விட்டுக்கொண்டே ஆறுதல் சொல்லுங்கள், வேறு வழி தெரியவில்லை. இத்தனைக்கும் இந்த மிளகாயைக் காரத்துக்காக மட்டும் போடுவதில்லை. அதில் பழவாசனை ஒன்று இருக்கிறது, பச்சை மிளகாயிலோ வற்றலிலோ அது வராது. பச்சை மிளகாயை வைத்து ஒப்பேற்றலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஒப்பேற்றலாம், அது நன்றாகவும் இருக்கும், ஜமைக்காக்காரர் யாரையும் அன்றைக்கு விருந்துக்குக் கூப்பிடாமல் இருந்தால் சரி.

மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு மாற்றுகள் ஏராளம். கோழி, இறால், அக்கிப் பழமும் உப்புக்கருவாடும், ராஸ்தபாரி சமயத்தினர் விரும்பும் சோயா. அல்லது காலலூ. ஜமைக்காவில் காலலூ என்ற கீரை பெரும் மதிப்புக்குரியது, காலை உணவில் அது இருந்தால் வீட்டில் அக்கறையுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளிநாட்டில் தகர டப்பாவில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம்மூர்க் குப்பைக்கீரைதான். டப்பாவின் விலையைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றி மறுபரிசீலனை செய்யுங்கள்.

மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தட்டைக் கவிழ்த்து வட்டமாக வெட்டி, பாதியில் கூட்டை வைத்து, மறுபாதியை மடித்து, முள்கரண்டியால் ஓரத்தை அழுத்துங்கள். இங்கேதான் உங்கள் மனக்குறை உங்களைக் கவிழ்க்கும். கடைக்காரன் வைக்காததை நான் வைப்பேன் என்ற வைராக்கியத்தில் நான்கு கரண்டி வைப்பீர்கள். ஓரம் ஒட்டாது. இழுத்து ஒட்டவைப்பீர்கள். அடுப்புக்குள் ஆவி வேறு வழியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும், தட்டில் பேட்டீஸுக்குப் பக்கத்தில் கருகிய இறைச்சி ஒரு சிறு தீவாகக் கிடக்கும். இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள், ஓரத்தில் ஒரு விரலளவு இடம் விடுங்கள், மேலே முள்கரண்டியால் இரண்டு குத்து குத்துங்கள். கடைக்காரர் குறைவாக வைப்பதற்குக் கஞ்சத்தனத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கக்கூடும் என்று அப்போது தோன்றும். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமில்லை. 200 டிகிரி செல்சியஸில் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம். மேலே முட்டை பூசவேண்டாம். பூசினால் பளபளக்கும், பளபளக்கும் பேட்டீஸைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

விற்கும் எண்ணம் இருந்தால் சட்ட ஆலோசனை அவசியம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1985இல் டொராண்டோவில் பேட்டீஸ் கடைகளுக்குக் கனடா அரசின் அதிகாரிகள் வந்தார்கள். இறைச்சிச் சட்டத்தின்படி ‘பீஃப் பேட்டி’ என்றால் பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வில்லை மட்டுமே, மாவில் சுற்றியதை அந்தப் பெயரில் விற்கக்கூடாது, பலகையை மாற்றாவிட்டால் அபராதம் என்றார்கள். கென்சிங்டன் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த மைக்கேல் டேவிட்சன் மறுத்தார். பத்திரிகைகள் புகுந்தன, ஜமைக்கர்கள் கொதித்தார்கள். ஓர் அரைவட்டப் பண்டத்தின் பெயருக்காக ஓர் அரசாங்கம் மல்லுக்கட்டியது. முடிவில் ‘ஜமைக்கன் பேட்டி’ என்று முன்னால் ஊர்ப்பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆனது. பிப்ரவரி 23 அன்று கொண்டாடினார்கள். 2012இலிருந்து அந்த நாளை டொராண்டோ நகரமே பேட்டீஸ் தினமாக நினைவுகூர்கிறது. ஆகவே உங்கள் வாசலில் பலகை மாட்டினால் ஊர்ப்பெயரை விடாதீர்கள்.

அதே டொராண்டோவில் வார்டன் சுரங்க ரயில் நிலையத்தின் பேட்டீஸ் வாசனையில் வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அதில் ஸ்கார்பரோவின் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. வீட்டில் அம்மம்மா எண்ணெயில் பொரித்த பற்றீஸ், வழியில் ரயில் நிலையத்தில் ஜமைக்காவின் பேட்டீஸ் என்று இரண்டுக்கும் வயிற்றில் இடம் ஒதுக்கியவர்கள். இவர்களுக்கு என் வழிகாட்டி தேவையில்லை, இவர்கள் எனக்கு எழுதினால் நான் படிப்பேன்.

தின்னும் முறை. பேட்டீஸைத் தனியாகத் தின்பவர்கள் இருக்கிறார்கள், பசி அதிகமில்லாதவர்கள். பசித்தவர்கள் கோக்கோ பிரெட் வாங்குவார்கள். லேசாக இனிக்கும், பஞ்சுபோன்ற, நடுவில் மடிந்த ரொட்டி அது. அதைத் திறந்து பேட்டீஸை உள்ளே வைத்து மூடிவிடவேண்டும். மாவுக்குள் இறைச்சி, அந்த மாவைச் சுற்றி இன்னொரு மாவு. இதன் தர்க்கத்தை ஆராயாதீர்கள், பள்ளிப் பிள்ளைகள் விரும்பும் சாப்பாட்டில் ஆராய்ச்சி செல்லாது. முதல் கடியை மூலையில் சின்னதாகக் கடித்து ஆவியை வெளியே விடுங்கள். நடுவில் கடிக்கும் அவசரக்காரருக்கு அந்த வாரம் முழுக்க மேலண்ணத்தில் தோல் இருக்காது.

மற்ற தீவுகள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க அவற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஹெய்ட்டியில் உப்புக்கருவாடோ கருவாட்டு ஹெர்ரிங்கோ உள்ளே வைத்த அடுக்கு மாவுப் பாத்தே. க்யூராசோவில் காலையில் பொரித்த பாஸ்தேச்சி, உள்ளே டச்சுக்காரர்கள் விட்டுப்போன கௌடா சீஸ். புவர்ட்டோ ரிக்கோவில் பாஸ்தெலில்யோ, அதற்கு வெட்டிய மாவு வட்டங்களை இடையில் தாள் வைத்து அடுக்கிக் கடையிலேயே விற்கிறார்கள், புத்திசாலிகள். மார்த்தினிக்கில் கிறிஸ்துமஸ் காலத்தில் பன்றியிறைச்சி வைத்த சின்னச் சின்ன வட்டப் பாத்தே. அந்தத் தீவுக்கு 1853இல் இந்தியக் கூலிகளை ஏற்றிய ஒரு கப்பல் வந்தது. அதன் பின் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் போய் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுபோன மல்லி, சீரகம், மஞ்சள் சேர்ந்த கொலம்போ மசாலா இன்றும் அங்கே ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது. பாத்தேயில் அதைச் சேர்க்கலாமா என்று மார்த்தினிக்காரரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓடு ரப்பராகி, இறைச்சி கருகி, நண்பர் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு டிரினிடாட் பக்கம் ஒதுங்குங்கள். அங்கே ஆலு பை என்று ஒன்று உண்டு. மைதாவில் பேக்கிங் பவுடர் போட்டு, நன்றாகப் பிசைந்து (ஆம், மாமியாரைத் திரும்ப அழைக்கலாம்), ஊறவைத்து, மசித்த உருளைக்கிழங்கில் வறுத்த சீரகத்தூளும் பூண்டும் மிளகாயும் சடான்பேனி இலையும் கலந்து நீளவாக்கில் அடைத்து, எண்ணெயில் பொரித்து எடுப்பது. சடான்பேனி கிடைக்காதவர்கள் கொத்தமல்லித் தழை போடலாம், வாசனை அதே திசையில்தான் போகும். பொரித்ததை நெடுகக் கீறி, உள்ளே கொண்டைக்கடலைக் குழம்பும் புளிச் சட்னியும் ஊற்றுவார்கள். குளிர்ந்த கொழுப்பு கிடையாது, அடுப்பின் டிகிரி கிடையாது. தெருவில் விற்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான், மிளகாய்ச் சாறு எவ்வளவு ஊற்றட்டும் என்று. “ஸ்லைட்” என்று சொல்லுங்கள். அவர் ஊற்றும் கொஞ்சமே உங்களுக்குப் போதும்.